பழைய உயர்ரக சிடி பிளேயர் வாங்கப் போகிறீர்களா? லென்ஸிலிருந்து தொடங்குங்கள்

1990களில் ஒரு காரின் விலைக்கு விற்ற சிடி பிளேயர்கள் இன்று அந்த விலையில் சிறு பகுதிக்கே கிடைக்கின்றன. பதினைந்து, இருபது கிலோ எடை. தடித்த அலுமினிய முகப்பு, செம்பு பூசிய சேசிஸ், தனித்தனி டிரான்ஸ்ஃபார்மர்கள். பார்த்தவுடன் கை பரபரக்கும். ஆனால் அந்தப் பெட்டி இன்னும் எத்தனை ஆண்டு பாடும் என்பதை முடிவு செய்வது உள்ளே இருக்கும், உள்ளங்கையில் அடங்கும் ஒரு பாகம். ரிப்பேர் கடைகளில் அதை "லென்ஸ்" என்பார்கள், சிலர் "ஹெட்" என்பார்கள். லேசர் டையோடு, அதன் முன்னால் ஆடும் குட்டி லென்ஸ், திரும்பி வரும் ஒளியை வாங்கும் உணரி எல்லாம் சேர்ந்த பிக்கப் அது. மற்ற எது போனாலும் பெரும்பாலும் சரி செய்துவிடலாம். லென்ஸ் போய், மாற்றும் கிடைக்கவில்லை என்றால் பெட்டி காட்சிப்பொருள்தான்.

அதனால் இந்த வழிகாட்டி பிராண்ட் பெயரிலிருந்தோ ஒலியின் சுவையிலிருந்தோ தொடங்கவில்லை.

முதலில்: எதற்காக வாங்குகிறீர்கள்?

உங்களிடம் ஏற்கெனவே நல்ல டிஏசி (டிஜிட்டல் சிக்னலை அனலாக் ஒலியாக மாற்றும் கருவி) இருந்து, சிடியிலிருந்து டிஜிட்டல் சிக்னலை மட்டும் எடுத்து அதற்குக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், உயர்ரக பிளேயர் தேவையில்லை. கோஆக்ஸியல் டிஜிட்டல் அவுட் உள்ள சாதாரண, ஆரோக்கியமான பிளேயரே போதும். சிடியில் இருப்பது 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ். அந்த எண்களைத் தவறில்லாமல் படித்து வெளியே அனுப்புவது விலை குறைந்த பிளேயராலும் முடிகிற வேலை.

அந்தப் பிளேயரின் அனலாக் ஒலியே உங்களுக்குப் பிடித்திருக்கிறது, அதன் கட்டுமானத்தை அனுபவிக்க வேண்டும், அல்லது எஸ்ஏசிடி (சூப்பர் ஆடியோ சிடி, சிடியைவிட நுணுக்கமான ஒலிப்பதிவு) தட்டுகள் சேர்த்து வைத்திருக்கிறீர்கள் என்றால் உயர்ரக பிளேயரைத் தேடுவதில் முழு நியாயம் உண்டு. எஸ்ஏசிடி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை: சாதாரண கோஆக்ஸியல், ஆப்டிகல் வழியாகத் தட்டின் எஸ்ஏசிடி அடுக்கின் ஒலி வெளியே வராது. அனலாக் அவுட், அல்லது ஒரு சில மாடல்களில் எச்டிஎம்ஐ, பெரும்பாலும் இவைதான் வழி.

மெக்கானிசம் எது என்று கண்டுபிடியுங்கள்

மாடல் எண் தெரிந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, அதன் சர்வீஸ் மேனுவலைத் தேடி உள்ளே இருக்கும் மெக்கானிசத்தின் எண்ணையும் பிக்கப்பின் எண்ணையும் குறித்துக்கொள்வது. உலகப் புகழ் பெற்ற பல நிறுவனங்கள் மெக்கானிசத்தைச் சொந்தமாகச் செய்யவில்லை. பிலிப்ஸ், சோனி, டீயாக், சான்யோ போன்றவர்களிடம் வாங்கிப் பொருத்தினார்கள். ஆகவே முகப்பில் என்ன பெயர் இருந்தாலும் உங்கள் கேள்வி ஒன்றுதான்: இந்தப் பிக்கப் இன்று புதிதாகக் கிடைக்கிறதா?

பிலிப்ஸ் குடும்பத்தில் சிடிஎம்-1 முதல் சிடிஎம்-9 வரை ஊசலாடும் கை வகை. பழைய ரெக்கார்டு பிளேயரின் கைபோல, ஒரு முனை நிலையாக இருக்க மறுமுனை தட்டின் குறுக்கே வளைந்து போகும். இதில் பல்சக்கரம் கிடையாது, அதனால் தேய்மானமும் குறைவு. வார்ப்பு உலோக உடலும் கண்ணாடி லென்ஸும் கொண்ட சிடிஎம்-1 இன்றும் ஓடுவதைப் பார்க்கலாம். மராண்ட்ஸ் சிடி-94, பிலிப்ஸ் சிடி960 இரண்டிலும் அதுதான். ஆனால் புதிய சிடிஎம்-1 எங்கும் கிடைக்காது. இன்னொரு பழைய பிளேயரைப் பலிகொடுத்தால்தான் உண்டு.

பிறகு வந்த சிடிஎம்-12 வகையில் பிக்கப் தண்டவாளத்தில் பல்சக்கரத்தால் நகர்கிறது. அதன் மாற்றுகள் விஏஎம்1202 போன்ற எண்களில் இன்றும் விற்பனைக்கு வருகின்றன. தரம்தான் கடைக்குக் கடை மாறும். ஆடியோ ரிசர்ச் சிடி8 போன்ற விலையுயர்ந்த பிளேயர்களில் இருந்த சிடி-புரோ2 அருமையான மெக்கானிசம். அதன் உற்பத்தி நின்றுவிட்டது, மிச்சம் இருப்பவற்றின் விலை கேட்டால் தலை சுற்றும்.

சோனி பிக்கப்களில் கேஎஸ்எஸ்-213, கேஎஸ்எஸ்-240 இரண்டையும் பல நிறுவனங்கள் பயன்படுத்தியதால் மாற்று கிடைப்பது எளிது. சென்னை ரிச்சி தெருவில் விசாரிக்கும்போது எண்ணின் கடைசி எழுத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த எழுத்து மாறினால் இணைப்பான் அல்லது பொருத்தும் துளை மாறக்கூடும். நகல் லென்ஸ்களும் நிறைய உலவுகின்றன. இரண்டு வாங்கி, நன்றாகப் படிப்பதை வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

தனித்துவமான அமைப்புகள் மூன்றைப் பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். எசோடெரிக்கின் விஆர்டிஎஸ், தட்டின் மேல் முழு வட்டத்தையும் ஒரு கனமான தகட்டால் அழுத்திப் பிடித்துச் சுழற்றுகிறது. இது வாடியா 860 போன்ற பிளேயர்களிலும் உண்டு. சோனியின் சிடிபி-எக்ஸ்ஏ7இஎஸ், எஸ்சிடி-1 ஆகியவற்றில் லென்ஸ் அசையாமல் நிற்க, சுழலும் தட்டே நகர்ந்து போகிறது. தட்டின் மேல் வைக்கும் தனி அழுத்துக்கட்டை இல்லாமல் இவை ஓடாது. கட்டை தொலைந்த பிளேயரை வாங்கிவிட்டு அந்தக் கட்டையைத் தேடி அலைபவர்கள் உண்டு. பயனீரின் ஸ்டேபிள் பிளாட்டர் வகையில் சிடியைக் கவிழ்த்து, அச்சடித்த பக்கம் கீழே இருக்கும்படி வைக்க வேண்டும். வழக்கம்போல வைத்துவிட்டு "லென்ஸ் போய்விட்டது" என்று குறைந்த விலைக்கு விற்கப்பட்டவையும் இருக்கின்றன.

டிஜிட்டலை ஒலியாக மாற்றும் டிஏசி சிப் எது என்பதற்கு இவ்வளவு நேரம் செலவிட வேண்டாம். டிடிஏ1541ஏ, பிசிஎம்63, பிசிஎம்1704 எல்லாம் நல்ல சிப்கள், எளிதில் சாவதில்லை. டிடிஏ1541ஏ-யில் கிரீடக் குறி உள்ள எஸ்1 ரகத்துக்காக விற்பவர் கூடுதல் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். குறியை அழித்து அச்சடித்த போலிகள் ஏராளம், உண்மையானதிலும் வித்தியாசம் சிறியது.

போனில் கேட்க வேண்டியவை

நேரில் போவதற்கு முன்பே பாதிக் கேள்விகளுக்கு விடை கிடைத்துவிட வேண்டும். ரிமோட் இருக்கிறதா? சில பிளேயர்களில் பாதி வசதிகள் ரிமோட்டில் மட்டுமே. பிலிப்ஸ், மராண்ட்ஸ், ஆர்காம், நெய்ம் போன்றவை ஆர்சி-5 என்ற பொதுவான ரிமோட் குறிமுறையைப் பின்பற்றுவதால் அவற்றுக்கு மாற்று ரிமோட் எளிது. இதுவரை திறந்திருக்கிறார்களா, யார் திறந்தது? லென்ஸ் மாற்றியிருந்தால் எந்த எண், எந்த ஆண்டு? வீட்டில் புகைபிடிப்பவர் இருந்தாரா? சிகரெட் படலம் லென்ஸிலும் அதன் அடியில் இருக்கும் கண்ணாடியிலும் படியும், அடியில் இருப்பதைத் துடைக்க முடியாது.

பின்புறத் தகட்டின் படம் கேளுங்கள். வோல்ட்டேஜ், சீரியல் எண் இரண்டும் தெரிய வேண்டும்.

பிறகு ஒரு வீடியோ. வெட்டாமல் ஒரே தொடர்ச்சியாக எடுக்கச் சொல்லுங்கள்: இரவு முழுக்க அணைத்து வைத்த பிளேயரைக் காலையில் போட்டு, டிரே திறந்து, சிடி வைத்து, மூடி, பாடல்களின் எண்ணிக்கை திரையில் வருவது வரை. பிறகு நேராகக் கடைசிப் பாட்டுக்குத் தாண்ட வேண்டும். இந்த வீடியோவை எடுத்து அனுப்பத் தயங்குபவரிடம் பயண நேரத்தைச் செலவிடாதீர்கள்.

கையோடு எடுத்துப் போக வேண்டியவை

நல்ல ஹெட்ஃபோன், அல்லது சிறு ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கரும். ஏசி, டிசி இரண்டும் அளக்கும் மல்டிமீட்டர். பிளேயரின் வழக்கமான ஒலி முனையில் செருகும் ஆர்சிஏ கேபிள், நுனியில் அளக்க வசதியாக. டார்ச். பிளஸ் ஸ்க்ரூடிரைவர், அறுகோண சாவிகள். பிறகு மூன்று தட்டுகள். முடிவை எடுக்கப் போவது இவைதான், எனவே சிரத்தையோடு தயார் செய்யுங்கள்.

முதலாவது, 74 நிமிடத்துக்கு மேல் ஓடும், கீறல் இல்லாத, தொழிற்சாலையில் அச்சான சிடி. சிடி உள்விளிம்பில் தொடங்கி வெளிவிளிம்பு நோக்கிப் படிக்கப்படுவது. நீளமான தட்டில்தான் பிக்கப் கடைசி எல்லை வரை போகும். நேரம் அதிகமான தட்டுகளில் தடங்களும் நெருக்கமாக இருக்கும், லென்ஸுக்குக் கடினமான பரீட்சை.

இரண்டாவது, நீங்களே எழுதும் சிடி-ஆர். ஆடசிட்டி போன்ற இலவச மென்பொருளில் இந்தத் தடங்களை உருவாக்குங்கள்: 100 ஹெர்ட்ஸ் ஒலி, முழு அளவில், இரண்டு பக்கமும், 2 நிமிடம். அதே ஒலி இடப்பக்கம் மட்டும், பிறகு வலப்பக்கம் மட்டும். முழு மௌனம் 2 நிமிடம். கடைசியில் 5,000 ஹெர்ட்ஸ் ஒலி, முழு அளவைவிட 10 டெசிபெல் குறைவாக, 10 நிமிடம். சிடி-ஆர் அச்சான சிடியைவிடக் குறைவாகவே ஒளியைத் திருப்பி அனுப்புகிறது, அதனால் தளர்ந்த லேசர் இதில் மாட்டிக்கொள்ளும். சிடி-ஆர்டபிள்யூ வேண்டாம். அதன் பிரதிபலிப்பு மிகக் குறைவு, ஆரோக்கியமான பழைய பிளேயரும் அதைப் படிக்காது.

மூன்றாவது, அதே சிடி-ஆரின் இன்னொரு பிரதி. இதன் பளபளப்பான பக்கத்தில், மையத்திலிருந்து விளிம்பு வரை, ஸ்கேல் வைத்து நேர்கோடு ஒன்று போடுங்கள். வெள்ளை பெயிண்ட் மார்க்கர் வாங்கிக்கொள்ளுங்கள், கோட்டின் அகலம் 1 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது, நன்றாகக் காயட்டும். சாதாரண பெர்மனென்ட் மார்க்கர் வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. சிடி லேசரின் அலைநீளம் 780 நானோமீட்டர், அதாவது அகச்சிவப்பு. நம் கண்ணுக்குக் கறுப்பாகத் தெரியும் சில மைகள் அந்த ஒளியைத் தாராளமாக உள்ளே விட்டுவிடும், பரீட்சை பரீட்சையாகவே இருக்காது.

அந்தக் கோடு எதற்கு? சிடியின் பிழைதிருத்த முறை தடத்தில் ஏறத்தாழ 2.5 மி.மீ. வரையிலான இடைவெளியை முழுமையாகச் சரிசெய்யும் திறன் கொண்டது. அதற்கு மேல் போனால் பிளேயர் காணாமல் போன எண்களை ஊகித்து நிரப்பும். தாழ்ந்த சுருதி ஒலியில் அந்த ஊகம் காதுக்குத் தெரியாது. 5,000 ஹெர்ட்ஸில் ஊகம் பிசகும், "டிக்" என்று கேட்கும். அதனால்தான் அந்தத் தடம் சிடி-ஆரில் இருக்க வேண்டும் என்றோம். 1 மி.மீ. கோட்டில் ஒவ்வொரு சுற்றிலும் டிக் டிக் கேட்டால், லேசரோ, லென்ஸைத் தடத்தின் மேல் பிடித்து வைக்கும் டிராக்கிங் சர்வோவோ தளர்ந்திருக்கிறது என்று பொருள்.

நேரில் சோதிக்கும் வரிசை

பிளேயர் குளிர்ந்திருக்க வேண்டும். மூடியைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் நீங்கள் வருவதற்கு முன்பே ஓடவிட்டிருக்கிறார்கள். ஏன் என்று கேளுங்கள்.

டிரேயைப் பத்து முறை திறந்து மூடுங்கள். மோட்டார் முனகிவிட்டுத் தாமதமாக நகர்ந்தால் பெல்ட் நீண்டுவிட்டது. மலிவான கோளாறு. பழைய பெல்ட்டைக் கொதிநீரில் போட்டு எடுத்தால் சில வாரம் இறுக்கமாக இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். இன்று நன்றாக ஓடும் டிரே நாளைக்கும் ஓடும் என்ற உத்தரவாதம் இல்லை, புதிய பெல்ட்டுக்கு ஒரு சிறு தொகையை மனதில் ஒதுக்கிவிடுங்கள்.

அச்சான சிடியை வையுங்கள். டிரே மூடியதிலிருந்து பாடல் எண்ணிக்கை திரையில் வரும் வரை எத்தனை விநாடி என்று கணக்கிடுங்கள். நல்ல நிலையில் உள்ள சிடி பிளேயர் பெரும்பாலும் எட்டு விநாடிக்குள் காட்டிவிடும். எஸ்ஏசிடி பிளேயர்கள் தட்டின் வகையைத் தேடுவதால் கூடுதல் நேரம் எடுக்கும். இதையே ஐந்து முறை செய்யுங்கள். நேரம் ஒவ்வொரு முறையும் வேறுபட்டால், ஒரு முறையாவது "டிஸ்க் இல்லை" என்று வந்தால், கவனம் தேவை.

கோளாறு எங்கே என்பதை அறிகுறியே சொல்லும். தட்டு சுழலவே இல்லை, லென்ஸ் மட்டும் மேலும் கீழும் இரண்டு மூன்று முறை ஆடிவிட்டு நின்றால் லேசர் தளர்ந்திருக்கிறது, இல்லையென்றால் லென்ஸில் அழுக்கு. தட்டு சுழன்று, எண்ணிக்கை வராமல் நின்றால் சிக்னல் பலவீனம் அல்லது தட்டைச் சுழற்றும் மோட்டார். முதல் இரண்டு மூன்று பாடல்கள் மட்டும் தடுமாறி, பிற்பகுதி நன்றாக ஓடினால் மோட்டார் மேல் சந்தேகம் கொள்ளுங்கள்: உள்விளிம்பில் தட்டு நிமிடத்துக்கு ஏறத்தாழ 500 சுற்று வேகத்தில் சுழல வேண்டும், வெளிவிளிம்பில் 200 போதும், தேய்ந்த மோட்டார் வேகமான இடத்தில்தான் சோர்ந்து போகும். நேர்மாறாக, கடைசிப் பாடல்கள் தாவினால் தண்டவாளத்தில் கிரீஸ் கட்டியாகிவிட்டது, பல்சக்கரத்தில் விரிசல், அல்லது தட்டு அமரும் உயரம் பிசகியிருக்கிறது. கிரீஸ் என்றால் சந்தோஷப்படுங்கள், ஒரு மணி நேர வேலை.

குளிர்ந்திருக்கும்போது தடுமாறி, சூடானதும் சரியானால் கெப்பாசிட்டர்கள் உலர்ந்துவிட்டன என்று வைத்துக்கொள்ளலாம். சூடானதும் தடுமாறினால் சால்டர் இணைப்பு எங்கோ விட்டிருக்கிறது, அல்லது சர்வோ சிப் தளர்கிறது. இந்த இரண்டாவது வகையைப் பிடிப்பதற்காகவே குறைந்தது 45 நிமிடம் மூடியோடு தொடர்ந்து ஓடவிட வேண்டும். அந்த நேரத்தில் முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுக்கும் மீண்டும் முதலுக்கும் பத்து முறை தாண்டுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே வேகத்தில் சென்று அமர வேண்டும்.

பிறகு சிடி-ஆர். 100 ஹெர்ட்ஸ் தடத்தைப் போட்டு, ஆர்சிஏ முனையில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து அளங்கள். முழு அளவு ஒலிக்குப் பெரும்பாலான பிளேயர்கள் 2 வோல்ட் கொடுக்கும், மூன்று ஊசி கொண்ட எக்ஸ்எல்ஆர் முனையில் பொதுவாக அதன் இரு மடங்கு. 1,000 ஹெர்ட்ஸில் அளக்காதீர்கள். விலை குறைந்த மீட்டர்கள் சில நூறு ஹெர்ட்ஸுக்கு மேல் பொய் சொல்லும். ஒரு பக்கம் 2.00, மறுபக்கம் 1.95 என்றால் வித்தியாசம் 0.22 டெசிபெல். அதற்கு மேல் போனால் ஒரு பக்கத்தின் அவுட்புட் பகுதியில் ஏதோ பழுது.

மௌனத் தடத்தில் மீட்டரை டிசி மில்லிவோல்ட்டுக்கு மாற்றுங்கள். சில மில்லிவோல்ட் இயல்பு. 50-ஐத் தாண்டினால் அவுட்புட் பகுதியின் ஆப்-ஆம்ப் சிப்போ, டிசியைத் தடுக்கும் கப்பிளிங் கெப்பாசிட்டரோ போயிருக்கிறது, அதை நேரடியாக ஆம்ப்ளிஃபையரில் இணைக்காதீர்கள். அதே தடத்தில் ஹெட்ஃபோனில் சத்தத்தைக் கூட்டிக் கேளுங்கள். ஹம், கரகரப்பு, இடைவிட்ட பொறிச்சத்தம் எதுவும் கூடாது. பாட்டு தொடங்கும்போது ஒரு பக்கம் தாமதமாக வந்தால் ஒலியைத் திறந்து மூடும் சுவிட்சான மியூட் ரிலேயின் முனைகள் கறுத்துவிட்டன. மாற்றுவது எளிது.

கோடு போட்ட தட்டைக் கடைசியில் ஓட்டுங்கள். அதன் பிறகு டிஜிட்டல் அவுட், எஸ்ஏசிடி என்றால் சிடி, எஸ்ஏசிடி இரண்டு அடுக்கும் உள்ள ஹைபிரிட் தட்டு. எஸ்ஏசிடி அடுக்குக்கு வேறு அலைநீளம், 650 நானோமீட்டர். சிடி அழகாக ஓடி எஸ்ஏசிடி மட்டும் ஓடாத பிளேயர்கள் நிறைய.

1980களில் வெளியான சில சிடிகள், முக்கியமாக ஜப்பானில் அச்சானவை, ப்ரீ-எம்ஃபசிஸ் முறையில் பதிவானவை. உயர் ஒலிகளைத் தூக்கிப் பதிந்து, பிளேயர் அவற்றை இறக்கி ஒலிக்க வேண்டும். அப்படி ஒன்று உங்களிடம் இருந்தால் போட்டுப் பாருங்கள். ஒலி கூர்மையாகக் காதைக் குத்தினால் இறக்கும் பகுதி வேலை செய்யவில்லை.

மூடியைக் கழற்ற அனுமதித்தால்

பவர் வயரைப் பிடுங்கிவிட்டு ஐந்து நிமிடம் பொறுங்கள். முதலில் பார்க்க வேண்டியது பிக்கப்பில் இருக்கும் குட்டித் திருகுமின்தடை. தளர்ந்த லேசரின் சக்தியைக் கூட்டி விற்பவர்கள் அதைத்தான் திருகுவார்கள். பெயிண்ட் முத்திரை உடைந்திருந்தால், ஸ்க்ரூடிரைவர் பட்ட புதுத் தடம் தெரிந்தால் விலகிவிடுங்கள். அப்படிக் கூட்டிய லேசர் சில மாதம் பளிச்சென்று படித்துவிட்டு அணைந்து போகும். சோனி பிக்கப் பலவற்றில் ஒட்டிய துண்டுச் சீட்டில் லேசர் மின்னோட்டம் குறிக்கப்பட்டிருக்கும். 475 என்று முடிந்தால் 47.5 மில்லிஆம்பியர். டெக்னீஷியன் அளந்து பார்த்து அது பத்து சதவீதத்துக்கு மேல் ஏறியிருந்தால் லேசருக்கு முதுமை வந்துவிட்டது.

போர்டில் கெப்பாசிட்டர்களைப் பிடிக்க ஒட்டிய பசை பழுப்பாகிக் கறுத்திருக்கிறதா பாருங்கள். மஞ்சளாக ஒட்டப்பட்ட இது ஆண்டுகள் போகப் போக மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கும், அடியில் உள்ள கால்களையும் அரிக்கும். பல ஜப்பானிய பிளேயர்களில் விசித்திரமான கோளாறுகளுக்கு இதுவே காரணம். சுரண்டி எடுத்தால் சரியாவதும் உண்டு. பிலிப்ஸ் வழிவந்த தொடக்கக்காலப் பிளேயர்களில் போர்டின் இரு பக்கத்தையும் இணைக்கும் குட்டி உலோகக் கண்களில் சால்டர் விட்டுப் போகும். அத்தனையையும் மறுபடி சால்டர் செய்தால் இறந்ததாக நினைத்தது எழுந்துவிடும்.

கடலோர ஊர்களில் ஓடிய பெட்டி என்றால் டிரான்ஸ்ஃபார்மர் தகடுகளிலும் ஆர்சிஏ முனைகளிலும் துரு பாருங்கள். காற்றோட்டத் துளை வழியே கரப்பானும் பல்லியும் குடியிருந்திருந்தால் போர்டில் எச்சத்தின் கறை தெரியும். அந்த அமிலம் செம்புத் தடத்தையே தின்றுவிடும். மூடி திறந்த நிலையில் ஓடவிட்டால் லென்ஸுக்கு நேர் மேலே கண்ணை வைக்காதீர்கள். அகச்சிவப்பு என்பதால் கண் கூசாது, சேதம் மட்டும் நடக்கும்.

100 வோல்ட் பிளேயர்கள்

ஜப்பானிலிருந்து வருபவை மலிவாகவும் சுத்தமாகவும் இருக்கும். பின்னால் 100 வோல்ட் என்று எழுதியிருக்கும். நம் 230 வோல்ட்டில் நேராகச் சொருகினால் அத்துடன் முடிந்தது. கடைகளில் எளிதில் கிடைக்கும் 230-110 டிரான்ஸ்ஃபார்மரும் இதற்குச் சரியல்ல. இரவில் லைன் 240-க்கு ஏறும்போது அது ஏறத்தாழ 115 வோல்ட் கொடுக்கும், தேவையைவிட 15 சதவீதம் அதிகம். அந்த மிச்சத்தை ரெகுலேட்டர்கள் வெப்பமாக மாற்றி அருகிலிருக்கும் கெப்பாசிட்டர்களை வறுக்கும். வைண்டிங் செய்பவரிடம் 230-100, இரு சுற்றும் தனித்தனியாக இருக்கும் ஐசொலேஷன் வகை, 100 விஏ என்று சொல்லிச் செய்துகொள்ளுங்கள். சிடி பிளேயர் பெரும்பாலும் 15 முதல் 40 வாட்டுக்குள்தான் இழுக்கும், 100 விஏ தாராளம். பயணத்துக்கு விற்கும் இலகுவான கன்வெர்ட்டர்களை அருகில் கொண்டுவராதீர்கள். அவை அலையை வெட்டி வோல்ட்டேஜைக் குறைப்பவை, டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஆடியோ கருவிக்கு ஆகாதவை.

விலையை எப்படிக் கணக்கிடுவது

அன்றைய கடை விலையை மறந்துவிடுங்கள். அதே மாடல் சமீபத்தில் உண்மையில் விற்ற விலையை எடுத்து, அதிலிருந்து ஒரு புதிய பிக்கப், பெல்ட், டெக்னீஷியன் கூலி, தேவையென்றால் டிரான்ஸ்ஃபார்மர் ஆகியவற்றைக் கழியுங்கள். இப்போது லென்ஸ் நன்றாக இருந்தாலும் கழியுங்கள், ஏனென்றால் அந்தச் செலவு உங்கள் காலத்தில்தான் வரும். பிக்கப் எங்கும் கிடைக்காத மாடல் என்றால், டிஜிட்டல் இன்புட் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் லென்ஸ் போன பிறகும் டிஏசியாக வாழும், சற்றுக் கூடுதலாகக் கொடுக்கலாம். அதுவும் இல்லையென்றால், நாளையே நின்றால் வருத்தப்படாத தொகைக்கு மேல் போகாதீர்கள், எவ்வளவு அழகாகப் பாடினாலும்.

வீட்டுக்கு வந்த பின்

எடுத்து வருவதற்கு முன் டிரேயிலிருந்து சிடியை எடுத்துவிடுங்கள், அழுத்துக்கட்டையைத் தனியாகச் சுற்றுங்கள். அடியில் பயணத் திருகு இருந்தால் பூட்டுங்கள், வீட்டில் சொருகுமுன் மறக்காமல் திறங்கள். ஏசி காரிலிருந்து இறக்கியதும் போடாதீர்கள். நம் ஈரக்காற்றில் குளிர்ந்த லென்ஸ் மேல் பனி படியும், இரண்டு மூன்று மணி நேரம் அறையிலேயே இருக்கட்டும்.

லென்ஸைத் துடைக்க வேண்டியிருந்தால் முதலில் உலர்ந்த பஞ்சுக்குச்சி. போகாத கறைக்கு 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்துப் பிழிந்த குச்சி, எடை இல்லாமல் வட்டமாக ஒரு முறை. பெரும்பாலான லென்ஸ்கள் பிளாஸ்டிக், அவற்றைத் தாங்கும் கம்பிகள் தலைமுடிபோல மெலிந்தவை. பிரஷ் ஒட்டிய கிளீனிங் தட்டுகளை உயர்ரக மெக்கானிசத்தில் போட வேண்டாம், ஊசலாடும் கை வகையில் அறவே வேண்டாம். ஆம்ப்ளிஃபையர் மேல் அடுக்காமல், மேலே ஐந்து செ.மீ. காற்று இடம் விட்டு வையுங்கள். எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டரின் ஆயுள் வெப்பம் ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் ஏறத்தாழ பாதியாகும்.

பிக்கப் இன்னும் கிடைக்கும் மாடல் என்றால் ஒன்றை இப்போதே வாங்கி, ஆன்டிஸ்டாட்டிக் உறையில், ஈரம் படாத டப்பாவில் வையுங்கள். சோனி வகை லென்ஸ்களில் லேசரை நிலைமின்சாரத்திலிருந்து காக்க, இரண்டு புள்ளிகளைச் சேர்த்து ஒரு துளி சால்டர் வைத்திருப்பார்கள். லென்ஸைப் பொருத்தி, பட்டை வயரைச் செருகிய பிறகுதான் அதை எடுக்க வேண்டும். முன்னாலேயே எடுத்தால் கையின் நிலைமின்சாரமே புது லேசரைக் கொல்லும், எடுக்கவே மறந்தால் புது லென்ஸும் "டிஸ்க் இல்லை" என்றுதான் காட்டும்.